பாட்டின் முதுகு

மத்தி மீனை டப்பாவில் அடைத்த பழைய தொழிற்சாலை அது.
பெர்கன் துறைமுகத்தில் கடலுக்கு முகமும்
ஊருக்கு முதுகுமாய் நிற்கிறது.
மீன் போய் முப்பது வருடம். இன்றும்
மழை நாளில் சுவர் வியர்த்தால் வாடை வரும்.
பெர்கனில் எல்லா நாளும் மழை நாள்.

நாங்கள் ஐந்து பேர். பள்ளி அனுமதித்த ஒரு வார வேலை.
கறுப்புச் சட்டையில் வா என்றிருந்தார்கள்.
சித்தப்பாவின் இழவுக்கு வாங்கியதைப் போட்டுக்கொண்டேன்.
வெட்லே தன் கைப்பந்துச் சட்டையை
உட்புறம் வெளியே தெரிய மாட்டியிருந்தான்,
முதுகில் இருக்கும் ஒன்பதை மறைக்க.
கழுத்தில் ஆளுக்கோர் அட்டை.
என்னுடையதில் ஸுன்னிவா, ஸுன்னேவெ ஆகியிருந்தாள்.
அன்று முழுக்க அவளாகவே இருந்தேன்.

மூன்று மணிக்கு லாரி வந்தது.
இசை மிதக்கும் என்று நினைத்திருந்தேன்.
அதற்குச் சக்கரம் இருக்கிறது, இரும்புக் கைப்பிடி இருக்கிறது,
தளத்தில் நாலு பேர் வேண்டும், படியில் ஆறு பேர்.
விரலில் இறங்கினால் நகம் கறுக்கும்.
முக்கால்வாசி இசை சுமைதான்.
மீதி, கேபிள்.

கேபிளுக்கு ஒரு முறை உண்டு:
ஒரு சுற்று மேலாக, அடுத்தது கீழாக.
தப்பாகச் சுற்றினால் மனசில் வைத்துக்கொண்டு
அடுத்த ஊரில் முறுக்கிக்கொள்ளும்.
"எங்க வீட்டு ஆளுங்களைவிட ரோஷம்" என்றாள் யோருன்.

பாடகியின் ரயில் மலைமேல் பனியில் நின்றுவிட்டது.
அவள் இடத்தில் யாராவது நில்லுங்கள்
என்றது ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல்.
வெட்லேயைத் தள்ளிவிட்டோம்.
மைக்கைப் பார்த்ததும் அவனுக்கு
ஒன்று இரண்டுகூட மறந்துபோயிற்று.
ஏதாவது பேசு.
மூன்றாம் எண் பேருந்தின் நிறுத்தங்களைச் சொன்னான்.
மீன் சந்தை.
தீயணைப்பு நிலையம்.
மருத்துவமனை, கீழ் வாசல்.
மருத்துவமனை, மேல் வாசல்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஒரு குமிழைத் திருகினார்கள்.
கல்லறைத் தோட்டம் வருவதற்குள்
அவன் குரலில் வெண்ணெய் உருகியது.
ஆயிரம் பேர் கொள்ளும் காலிக் கூடம்
காது கொடுத்துக் கேட்டது.

அவன் கால்களுக்கு நடுவே குனிந்து
வெள்ளை டேப்பில் ஒரு பெருக்கல் குறி ஒட்டினேன்.
அங்கேதான் அவள் நிற்க வேண்டும்.

எட்டரைக்கு எள் விழ இடமில்லை.
வலப்பக்க இருட்டில் டார்ச்சோடு நான்.
மூன்று படி. ஏறும்போது வெளிச்சம், ஏறியதும் இருட்டு.
வந்தாள். கோட்டில் இன்னும் மலைக் குளிர்.
அட்டையைப் படித்து "நன்றி, ஸுன்னேவெ" என்றாள்.
அவள் கை நடுங்கியது. என் டார்ச்சும்.
படிகள் எதைத்தான் நம்பும்.

ஒன்றரை மணி நேரம் அவள் முதுகைப் பார்த்தேன்.
குரல் உச்சிக்குப் போகுமுன்
இடது தோள்பட்டை கொஞ்சம் ஏறும்,
கனமான பெட்டியைத் தூக்கப் போகிறவள் மாதிரி.
எந்த வரிசையிலிருந்தும் அது தெரியாது.
நாலாம் பாட்டுக்கு அப்புறம் தண்ணீருக்காகத் திரும்பி
பாட்டிலைப் பார்த்துவிட்டு
குடிக்காமலே போனாள்.

பதினொன்றுக்கு எல்லாம் தலைகீழாக:
பெட்டி, படி, ஆறு பேர், லாரி.
தரையில் ஒட்டியதையெல்லாம் உரிக்கச் சொன்னார்கள்.
பெருக்கல் குறியைக் காணோம்.
வெட்லே மண்டியிட்டுத் தடவிப் பார்த்தான்.
"அவ பூட்ஸ் அடியில போயிருக்கும்" என்றாள் யோருன்.
போகட்டும்.
ஸ்டவாங்கரில் எங்கே உதிருமோ,
அங்கே வேறு ஒருவன் நின்று
பேருந்து நிறுத்தங்களைச் சொல்லட்டும்.

கடைசி வண்டி, மூன்றாம் எண்.
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால்
வெட்லே வாய்க்குள் முணுமுணுத்தான்.
குமிழ் திருக ஆளில்லை. வெறும் வெட்லே குரல்.

வீட்டில் அப்பா விழித்திருந்தார்.
"பாட்டு எப்படி இருந்தது?"
யோசித்தேன்.
"கனமா இருந்தது" என்றேன்.
சட்டையை ஹீட்டர்மேல் காயப் போட்டேன்.
காலை ஒன்பதுக்கு அடுத்த லாரி.